தோல் சீவுற கத்தி

மகனுக்கு,

போன்ல பேசினா கட் பண்ணிடற, அதான் கடிதாசி.

வீடியோ பாத்து உன் பொண்டாட்டிக்கு வீட்லயே பிரசவம் பாப்பியா? "அந்தக் காலத்துல எல்லாரும் வீட்லதானே பெத்தாங்க"ன்னியே, அந்தக் காலத்த நீ பாத்தியா? நான் பாத்தேன்டா. என் தங்கச்சி பொறந்தப்போ, எங்கப்பா வேலைக்கு வெச்சிருந்த, மாட்டுத்தோல் சீவுற கத்தியாலதான் தொப்புள்கொடிய அறுத்தாங்க. எட்டாம் நாள் புள்ளைக்குத் தாடை பூட்டிக்கிச்சு, பால் இறங்கல. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம்"னு எங்கம்மா கத்துச்சு. "எங்கம்மா பத்தும் வீட்லதான் பெத்தா"ன்னார் எங்கப்பா. சாயங்காலம் பாலாத்தங்கரையில புதைச்சோம்.

நீ பொறந்தது ஆஸ்பத்திரியில. அதனாலதான் இன்னிக்கு எங்கிட்ட வாய் பேசற.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதறது உன் பொண்டாட்டிதான். காலையில பையோட ஆம்பூர்ல பஸ் ஏறி வந்துட்டா. நீ பொறந்த அதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம். கோவம் இருந்தா அங்க வந்து காட்டு.

உன் அப்பன்