உனக்காகத் திறக்காமல் வைத்திருக்கும் இதழ்

டொலிடோ,
ஏப்ரல் 14, திங்கட்கிழமை.

அன்பு மகன் ரஸ்ஸலுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்கால் சுகம், வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் சுகம், அந்தச் சோம்பேறிப் பூனைகூட சுகம், நீ சுகமாக இருக்கிறாயா என்பது ஒன்றுதான் தெரியவில்லை. அலாஸ்காவில் நீ வேலை பார்க்கும் மீன் ஆலைக்கு நாலு தடவை போன் செய்துவிட்டேன். அலுவலகத்தில் ஒரு பெண், "வயசு வந்தவங்களைப் பத்தி நாங்க எதுவும் சொல்லக் கூடாதும்மா, லெட்டர் போடுங்க, அவர் வந்தா குடுத்துடறோம்" என்றாள். வந்தா என்று ஏன் சொன்னாள்? அந்த ஒரு சொல்லை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே பள்ளிக்கூடச் சமையலறையில் முன்னூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி கிளறுகிறேன், தினமும் அடிப்பிடிக்கிறது, பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்.

ஜனவரியில் அப்பாவின் அடக்கத்துக்கு நீ வராதபோது போனில் நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. பனிப்புயலில் ஒரு விமானமும் கிளம்பவில்லை என்று நீ அழுதாய், நான், "படக்கதைல பறக்கறவனையே பாத்துட்டு கெட, இந்த வீட்டுக் கதவு இனிமே உனக்கு இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீ போனை எடுக்கவே இல்லை. முந்தின வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஒரு டேப்லட் அனுப்பினாயே, அதில் உன் படக்கதைச் சந்தாவையும் போட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதான், சும்மா படிம்மா, என்னைத் திட்டறதைத் தவிர நமக்குப் பேச வேற ஏதாவது கிடைக்கும்" என்று சொன்னாயே, நான் அதைச் சமையல் புத்தகங்களுக்கு நடுவில் செருகி வைத்ததோடு சரி. பிப்ரவரியில் ஒரு நாள் தாங்க முடியாமல் எடுத்துத் திறந்தேன். முதல் வரிசையிலேயே நீ படித்துக்கொண்டிருந்த இதழ்கள் இருந்தன. காலையில் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றது சாயங்காலம் இருபதில் நின்றது. படித்திருக்கிறான், அப்படியானால் சாப்பிட்டும் இருப்பான் என்று நினைத்து அன்றைக்குத்தான் நானும் சாப்பிட்டேன். மறுநாள் வேறு இதழ், அதற்கு மறுநாள் வேறு. ஒரு மாதம் நான் உயிர் பிடித்து நின்றது அந்தப் பக்க எண்களில்தான் ரஸ்ஸல்.

நீ படிப்பதையே நானும் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஒரே வீரனுக்கு ஒன்றாம் நம்பர் இதழே ஏழு இருக்கிறது, பாதிக் கதையில் மீதிக்கு வேறொருத்தன் இதழைப் பார் என்கிறான், என்ன அக்கிரமம் இது! மெயின் தெருவில் படக்கதைக் கடை வைத்திருக்கும் மார்னியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவள் சிரித்துவிட்டு, "அறுவது வருஷக் கதையை மொதல்லேருந்து புடிக்காதீங்கம்மா, ஆயுசு பத்தாது. இப்ப எழுதறவரு ஆரம்பிச்ச எடத்துல ஏறிக்கங்க, புரியாததை விட்டுட்டுப் போங்க, தானா புரியும்" என்றாள். பக்கத்தை ஒவ்வொரு படக் கட்டமாகத் திரை காட்டும்படி டேப்லட்டை மாற்றியும் கொடுத்தாள். மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகள் கழுவியதும் தினமும் இரண்டு இதழ். இந்தக் கதைகளில் செத்தவன் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறான். அதைப் படிக்கும்போது அப்பாவை நினைத்து அழுதேன், பிறகு உன்னை நினைத்துப் பயந்தேன்.

இனிமேல் எழுதப் போவதை முழுசாகப் படி, பாதியில் கசக்கிவிடாதே. மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சனியன் டேப்லட் திடீரென்று கடவுச்சொல் கேட்டது. நீ போட்டது எனக்கு என்ன தெரியும்? மறந்துவிட்டது என்பதை அழுத்தினேன், புதிதாகப் போடச் சொன்னது, மற்ற எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றட்டுமா என்றது. சர்ச்சில் எல்லோரும் இணையத் திருடர்களைப் பற்றிப் பயமுறுத்தியிருந்தார்கள், நான் கெட்டிக்காரத்தனமாக ஆமாம் என்றேன். அன்றிலிருந்து உன் இதழ் ஒன்றும் நகரவில்லை. ஐந்து வாரம். கடலில் விழுந்துவிட்டாயோ, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாயோ என்று என்னென்னவோ நினைத்தேன். போன வாரம்தான் மார்னி டேப்லட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ, உங்க பையனையும் சேத்து வெளிய தள்ளிட்டீங்களேம்மா" என்றாள். கதவு இல்லை என்று வாயால் சொன்னேன், பிறகு நிஜமாகவே பூட்டியும் விட்டேன். நீ அப்படித்தானே நினைத்திருப்பாய்? நான் உன்னைப் பூட்டவில்லை கண்ணா, எனக்கு ஒன்றும் தெரியாது, அம்மா ஒரு மக்கு. இல்லை, நீ அப்படி நினைத்துக் கோபமாக இருந்தால்கூட எனக்குச் சந்தோஷம்தான், கோபப்பட உயிரோடு இருக்க வேண்டுமே.

அப்பா போவதற்கு முந்தின நாள், அன்றைக்குக் கடையில் வாங்கிய இதழைப் பற்றி அவரிடம் போனில் அரை மணி நேரம் சொன்னாயே, முடிவை மட்டும் சொல்லாமல், "சந்தாவுல வரட்டும், சேந்து படிக்கலாம்ப்பா" என்றாயே. கடையில் வந்தது சந்தாவில் வர மூன்று மாதம் ஆகுமாம். இந்த வாரம் வந்துவிட்டது. நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன். அதில் ஒரு பக்கம் நகர்ந்தால் அது நீதான். எழுத வேண்டாம், பேச வேண்டாம், மன்னிக்கக்கூட வேண்டாம், ஒரே ஒரு பக்கம் தள்ளிவிட்டு மூடிவிடு.

குளிரில் ஈரக் காலுறையோடு நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் கடவுள் உன்னை நோயில்லாமல் வைக்கட்டும், அப்பாவும் மேலிருந்து பார்த்துக்கொள்வார். ஆறு வயதில் பச்சைக் குளியல் துண்டைத் துணிக் கிளிப்பால் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பறக்கிறேன் என்று கார் கொட்டகைக் கூரையிலிருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? புதிய கடவுச்சொல் அதுதான். பச்சைத்துண்டு, இடைவெளி விடாமல், பக்கத்திலேயே ஆறு.

கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் உன் அம்மா,
டோரீன்