உன் மெயிலைத் திறக்க மாட்டேன்

மண்டி ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் மேனேஜரையும் சேர்த்து நம் நாலு பேரின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. மூன்றாவது உன்னுடையது. போன மாதம் கொல்லங்கோடு ரோட்டில் லாரி உன் ஸ்கூட்டரை இடித்தது, நாங்கள் உன்னை எரித்துவிட்டு வந்தோம். பெயர் மட்டும் அங்கேயே இருக்கிறது.

இன்று காலை மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். "அந்தப் புள்ளயோட மெயிலத் தொறந்து குடு."

"எதுக்குங்க?"

"செத்தவளுக்கு என்ன ரகசியம்?"

உனக்கு நினைவிருக்கும். மாங்காய் சீசன் தொடங்கினால் நம் போன்களை மண்டி வாசலிலேயே கூடையில் போட்டுவிட வேண்டும். வடக்கே போகும் மாங்காயின் விலை பக்கத்து மண்டிக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். அதனால் நம் சொந்த மெயிலையும் ஆபீசில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் பார்த்தோம். மெயில் புரோகிராமில் ஆளுக்கொரு புரொஃபைல், எதற்கும் பூட்டில்லை. மேனேஜர் டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்து சத்தமாக வாசிப்பார். உனக்கு வேலை இல்லை என்று கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து பதில் வந்த அன்று, "மகாராணிக்குக் கோயமுத்தூர்ல எடமில்லையாமா!" என்றார். லோடு ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். நீ அழவில்லை. "நாளைக்கு வாசிக்கட்டும், பாக்கறேன்" என்றாய்.

அன்றே மெயில் புரோகிராமுக்குள் பாஸ்வேர்ட் போட்டாய். மறுநாள் அவர் திறந்தபோது அது பாஸ்வேர்ட் கேட்டது. அவர் கேன்சலை அழுத்தினார். உன் பழைய மெயில்கள் மொத்தமும் விரிந்தன. "பூட்டுப் போட்டயே, கதவு வெச்சயா புள்ள?" என்றார். புது மெயில் இறங்குவதை மட்டும்தான் அந்தப் பூட்டு தடுக்கும், ஏற்கெனவே வந்து கிடப்பதைக் காக்காது என்று நமக்கு அப்போதுதான் தெரிந்தது.

நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். நீ மதியச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, கம்ப்யூட்டரிலேயே ஆளுக்கொரு கணக்கு தொடங்கி, அவரவர் மெயிலை அவரவர் கணக்குக்குள் நகர்த்தினாய். நான் பாஸ்வேர்ட் அடித்தபோது சுவரைப் பார்த்து நின்றாய்.

"பாத்தாத்தான் என்னடி?" என்றேன்.

"அப்பறம் அந்தாளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

மண்டியின் மெயில் முழுவதையும் மேனேஜர் கணக்கில் வைத்தாய். அப்படியும் அவர் கத்தினார். "இது ஆரு கம்ப்யூட்டர்னு தெரியுமா?"

"கம்ப்யூட்டரு மண்டியுதுங்க. எனக்கு வர்ற மெயில் என்னுதுங்க."

இப்போது அவர் எதைத் தேடுகிறார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஷெட்டில் மாங்காய் தரம் பிரிக்கும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. தண்ணீர் குடித்தால் போகவேண்டி வருமே என்று அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. தோப்புக்குள் ஒதுங்கினால் லாரிக்காரன் விசிலடிக்கிறான். இதை நீ லேபர் ஆபீசுக்கு எழுதினாய். போன வாரம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். உன்னோடு யார் யார் பேர் கொடுத்தது என்று மேனேஜருக்குத் தெரிய வேண்டும். அவர்கள் எல்லோரும் நாளைக்கும் இதே ஷெட்டுக்குத்தான் வேலைக்கு வரவேண்டும்.

என்னால் திறக்க முடியும். கம்ப்யூட்டர் பொறுப்பு இப்போது என்னிடம். உன் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தால் போதும்.

"முடியாதுங்க."

"முடியாதா, தெரியாதா?"

"தெரியுமுங்க. செய்யமாட்டேன்."

"ஊட்டுக்குப் போறயா?"

"போகச் சொன்னா எழுத்துல குடுங்க."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மெயிலைத் திறந்து, லேபர் ஆபீசுக்கு அதே புகாரை என் பெயர் போட்டு எழுதி அனுப்பினேன். "பேருதானுங்களே வேணும்? இந்தாங்க." அவர் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார்.

விஷயம் ஷெட்டுக்குப் போய்விட்டது. மதியம் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர், கையிலிருந்த மாங்காய்ப் பாலை மேல்சட்டையில் துடைத்தபடி வந்தார். "என்ற பேரையும் போடு கண்ணு."

"வேல போயிருமக்கா."

"ஒண்ணுக்குப் போக முடியாத எடத்துல என்ன பெரிய வேல?"

அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். அன்று உன்னோடு பேர் கொடுத்ததும் அவர்கள் நாலு பேர்தானாம்.

நாளை எனக்கு வேலை இருக்குமா, தெரியவில்லை. என்னை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்து உன் கணக்கைத் திறக்கலாம். திறக்கட்டும். அதற்குள் அந்தப் பெயர்களை நாங்களே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்போம். உன் பாஸ்வேர்ட் என்னவென்று எனக்குத் தெரியாது. உள்ளே போக வழி இருந்தும் போகாமல் நிற்கிற பிடிவாதம் மட்டும் உன்னிடமிருந்து என்னிடம் வந்திருக்கிறது. அதை எவன் கேட்டாலும் கொடுக்கப்போவதில்லை.