ஒரு ரிங் போதும் என்றவளுக்கு

சற்று முன்புதான் கரண்ட் போனது. நெருப்புக்குச்சி கிழித்த மணம் மூக்கில் ஏறியதும் என் கை தானாகவே போனைத் தேடியது. நீ போய் இவ்வளவு காலமாகியும் இந்தக் கைக்குப் புத்தி வரவில்லை.

கண்டி டவுனில் ஒரே புடவைக்கடையில் வேலைக்கு நின்றவர்கள் நாம். வேலை முடிந்தால் நீ மடவளை பஸ் ஏறுவாய், நான் மஹய்யாவைக்கு நடப்பேன். பகல் முழுக்கக் கதைத்தது போதாமல் வீட்டுக்கு வந்தும் போனில் தொடர்வோம். போன் தொழிலைப் பல கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டிருந்த காலம். போட்டி வந்தால் கட்டணம் இறங்கும் என்றார்கள். இறங்கத்தான் செய்தது. நாமும் வாய் ஓயாமல் கதைத்தோம். பிறகு அது மெல்ல ஏறத் தொடங்கியது. ஏறியது இறங்கவேயில்லை. நம் பேச்சும் சுருங்கிப்போனது.

நாம் இருவரும் கடையை விட்டு வீட்டோடு இருந்த பிறகு, கரண்ட் வெட்டு அன்றாடமானபோது, சட்டம் போட்டவள் நீதான். "கரண்ட் போனா ஒரு ரிங் தாறேன் புள்ள. எடுத்துறாத, சல்லி போயிரும். நான் நல்லா ஈக்கேன்னு வெச்சுக்க." பதிலுக்கு, நானும் நலமாக இருக்கிறேன் என்று ஒரு ரிங் தர வேண்டும். அதையும் சுருக்காகச் செய்ய வேண்டும். டவரின் பெட்டரி இறங்கிவிட்டால் சிக்னலும் போய்விடும். சிக்கனத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

ஆபரேஷனுக்காக நீ ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்ததற்கு முதல் நாள் மாலையும் கரண்ட் போனது. போன் அடித்தது. ஒரு ரிங்கோடு நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. "மடச்சி, வெட்ட மறந்துட்டா" என்று சிரித்தேன். கை தவறி எடுத்து உன் காசைக் கரைத்துவிடுவேனோ என்று நானே வெட்டினேன். பிறகு வழக்கம்போல ஒரு ரிங் தந்துவிட்டு, கடமை முடிந்ததென்று தேத்தண்ணீர் ஊற்றப் போனேன். சிக்னலும் போனது. விடிய நீ ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டாய். அங்கிருந்து நீ உயிரோடு திரும்பவில்லை.

உன் வீட்டில் கூட்டம் குறைந்த பிறகு உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உம்மா அண்டைக்கி ஒங்களோட கதைக்கத்தான் கோல் எடுத்தாங்க ஆன்ட்டி. மனசு ஒரு மாதிரியா ஈக்கிதுன்னு சொன்னாங்க" என்றாள்.

என்ன சொல்ல இருந்தாய்? பயமாக இருந்ததா? "பயப்படாதடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்தக் கம்பெனி என்ன கேட்டிருக்கும்? இப்போது நிறைய நேரம் கதைக்கக்கூடிய பெக்கேஜ் போட்டிருக்கிறேன். அதன் விலையும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறேன். கதைப்பதற்கு நீதான் இல்லை.

இதை மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது போன் ஒரு தரம் அடித்து நின்றது. உன் மகள். உன் சட்டத்தை இப்போது அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் பதிலுக்கு ரிங் தரவில்லை, நேராக அழைத்தேன். அவள் எடுக்கவில்லை. எடுக்கும்வரை விடாமல் அடித்தேன்.

"என்ன ஆன்ட்டி, நல்லா ஈக்கேன்னுதானே ரிங் தந்தேன்? சும்மா சல்லி போகுமே!"

"போனா போகட்டும். சிக்னல் இருக்கிற வரைக்கும் பேசு புள்ள."