பிக்கப்புக்கு ஒரு காய்ச்சல் சார்ட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம்தான், அம்மாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது அவளோடு சண்டை போடுகிறது, மற்றபடி சொல்லும்படி ஒன்றும் இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வார்டில் நின்று நின்று கால் வீங்காமல் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். உனக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்ற பெண்ணிடம் நேராக நன்றி சொல்ல எனக்கு நாக்கு புரளாது, உனக்கும் சிரிப்பு வந்துவிடும். அதனால் சாயங்காலம் லாண்டரியில் மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டு, இஸ்திரி மேஜையில் ஒரு ஓரத்தைக் காலி பண்ணி உட்கார்ந்து எழுதுகிறேன். மேஜை இன்னும் சூடாக இருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் பிக்கப் வண்டி சரியாகிவிட்டது. ஒன்பது நாளாக எங்கேயும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு விரிப்பும் போர்வையும் ஏற்றிக்கொண்டு போய்வருகிறது. பதினெட்டு வயசு வண்டி, நீ பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அதே வண்டி. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று போன மாதம் நான் உன்னிடம் புலம்பியது உண்மை. அந்தப் புலம்பலில் பாதியைத்தான் உனக்குச் சொன்னேன், மீதியை மறைத்தேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

சித்தப்பா இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்திருந்தான் அல்லவா, அந்தப் பத்து நாளும் வண்டியை நான்தான் எடுத்தேன். என் குணம் உனக்குத் தெரியும், எதையும் அரைகுறையாக வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வராது, முதல் நாளே டேங்கை வாய் வரைக்கும் டீசல் போட்டு நிரப்பினேன். நிரப்பி ஒரு மணி நேரம் ஆகவில்லை, மேம்பாலம் ஏறும்போது வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. இறங்கி பானெட்டைத் திறந்தேன், ஃபில்டர் மேலே இருக்கும் கைப் பம்பை அழுத்தினேன், அழுத்தினது அமுங்கியபடியே கிடந்தது, எழும்பவில்லை. டீசல் எங்கேயாவது ஒழுகிவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன் (மீட்டரில் டீசல் முள் செத்து ஆறு வருஷம் ஆகிறது, குச்சிதான் நமக்கு மீட்டர்), டேங்க் நிறைய டீசல் இருக்கிறது. கால் மணி நேரம் ஆற விட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி நிரப்பினேன், அதே கதை. அடுத்த வாரம் டேங்கை நிரப்பிய பிறகு மறுபடியும் அதே கதை. ஆஸ்பத்திரி ஸ்டோர் மேடம் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் சித்தப்பா என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். அவன் ஒரு நாளும் டேங்க் நிரப்ப மாட்டான், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, குச்சி விட்டுக் குச்சி விட்டுப் பார்த்து ஓட்டுவான். அடி டேங்கிலேயே ஓட்டி ஓட்டி அங்கே கிடந்த கசடெல்லாம் ஏறிப்போய், இன்ஜினுக்குள் டீசலைத் தூவுகிற நாசிலை அடைத்துவிட்டது என்று நானே ஒரு மெக்கானிக் மாதிரி தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவன் வேலைக்கு வந்த முதல் நாள், ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் விடவில்லை. துணி மடிக்கிற பெண்கள், இஸ்திரி போடுகிறவர்கள் எல்லோரும் நிற்கும்போதே, உன் கஞ்சத்தனத்தால்தான் வண்டி நாசமாய்ப் போச்சு, பதினெட்டு வருஷம் ஓட்டியும் வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். அவன் சாவியை இதே மேஜைமேல் வைத்தான், "சரிண்ணா, நீங்களே பாத்துக்குங்க"ன்னு சொல்லிவிட்டுப் போனான். போனவன் மூன்று வாரம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஏதோ ஒரு துணிக்கடைக் குடோனில் மூட்டை எண்ணுகிற வேலைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு அம்மா சாப்பிடாமல் இருந்தாள். எனக்கும் சோறு இறங்கவில்லை, ஆனால் வீம்பு மட்டும் வேளைக்கு நன்றாகச் சாப்பிட்டது.

வண்டியைக் கண்ணாடி மெக்கானிக்கிடம் விட்டேன், கயிறு கட்டின மூக்குக் கண்ணாடியோடு நீ சின்ன வயதில் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாயே, அவர்தான். ஃபில்டர் மாற்றினார். லைனில் காற்றுப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். கடைசியில் நான் பிடித்த பிடியில் நாலு நாசிலையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் மாட்டிக் காட்டினார், நாலும் சாம்பிராணிப் புகை மாதிரி ஒரே சீராகத் தூவுகிறது. "நாசில்ல ஒரு தப்பும் இல்லீங்க, உங்க தம்பி வண்டிய நல்லாத்தான் வெச்சிருந்திருக்காரு"ன்னு சொன்னார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. நாம் நினைத்ததை அடுத்தவர் சொல்லாவிட்டால் அவருக்குத் தொழில் தெரியாது என்று ஆகிவிடுகிறது பார். பம்பையே புதிதாக மாற்றிவிடுங்கள் என்று சொல்லப் போன சமயத்தில்தான் நீ போன் பண்ணினாய்.

அன்றைக்கு நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "ஒண்ணும் மாத்தாதீங்கப்பா. எங்க வார்டுல காய்ச்சல்னு ஒருத்தர் வந்தா கண்ண மூடிக்கிட்டு ஊசி போட மாட்டோம். எப்ப வருது, எப்ப விடுது, அதுக்கு முன்னாடி என்ன சாப்ட்டாங்கன்னு மொதல்ல எழுதுவோம். வண்டிக்கும் ஒரு சார்ட் போடுங்க. நின்னுபோனா, கடைசியா என்ன பண்ணின பெறகு கெளம்புச்சுன்னு மறக்காம எழுதுங்க"ன்னு சொன்னாய். ஊசி போடுகிற பெண் எனக்கு இன்ஜின் சொல்லித் தர வந்துவிட்டாளா என்று முணுமுணுத்தேன், அம்மா கேட்டுவிட்டு முறைத்தாள். மறுநாளிலிருந்து நான் வண்டியை ஓட்ட, பக்கத்து சீட்டில் அவளே ஏறி உட்கார்ந்துகொண்டாள், விரிப்பு கணக்கு எழுதும் நோட்டில் கோடு போட்டுத் தேதி, நேரம், எவ்வளவு டீசல், எத்தனை மூட்டை, எங்கே நின்றது, என்ன செய்ததும் கிளம்பியது என்று எழுதினாள். வண்டி நின்றதும் நான் கையைப் பிசைவேன், அவள் பேனா மூடியைக் கழற்றுவாள்.

பதினோரு நாள் எழுதினாள், ஐந்து தடவை நின்றது. பன்னிரண்டாம் நாள் காலையில் நோட்டை எடுத்து வந்து என் முன்னால் போட்டு, "இது வயிறு முட்டச் சாப்ட்டா மட்டும்தான் மயங்கி விழுது, பாருங்க"ன்னாள். உண்மைதான். டேங்க் பாதிக்குக் கீழே இருந்த ஒரு நாள்கூட நிற்கவில்லை, நான் நிரப்பிய நாள்களில் மட்டும் நின்றிருக்கிறது. இன்னொன்றையும் விரல் வைத்துக் காட்டினாள். ஐந்து தடவையும் கடைசிக் கட்டத்தில் ஒரே வரிதான் எழுதியிருந்தது, மூடி திறந்து குச்சி விட்டார், கிளம்பியது. "நீங்க ஆற விட்டதால கெளம்பல. மூடியத் தொறந்ததாலதான் கெளம்புது. தொறக்கும்போது உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, உங்களுக்குக் கேக்கலையா?" என்று கேட்டாள். டிரையர் பக்கத்தில் முப்பது வருஷம் நின்ற காதுக்கு அது எங்கே கேட்கும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மழைக்கு முன்னால் நான் ஒரு வேலை செய்திருந்தேன், யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. ஈர மூட்டை ஏற்றும்போது தண்ணீர் சொட்டி டேங்க் வாய்க்குள் போய்விடுமோ என்று பயந்து, பழைய வாஷிங் மெஷின் கதவு ரப்பரை வட்டமாக வெட்டி, மூடிக்கு உள்ளே இறுக்கமாக ஒட்டி வைத்தேன். மெஷினிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வராத ரப்பர் ஆயிற்றே, டேங்குக்கும் அதுதான் சரி என்று என் மூளை. அன்றைக்குப் பெருமையாகத் தட்டிப் பார்த்துக்கூட வைத்தேன். வண்டியைக் கண்ணாடி மெக்கானிக்கிடம் ஓட்டிப்போய் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார், அந்த மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டாம், அதன் மேலேயே என் ரப்பர். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், வராவிட்டால் டேங்க் டீசலைத் தன் பக்கமே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பம்புக்கு விடாது. டேங்க் காலியாக இருந்தால் உள்ளே காற்று நிறைய இருக்கும், சமாளித்துக்கொள்ளும், நிறைந்திருந்தால் சீக்கிரமே திணறும். சித்தப்பா அரை டேங்கில் ஓட்டி, அடிக்கடி மூடியைத் திறந்து குச்சி விட்டதால்தான் அவன் கையில் ஒரு நாளும் நிற்கவில்லை. நான் எதைக் குறை சொன்னேனோ அதுதான் வண்டியை ஓட வைத்திருக்கிறது. மெக்கானிக் சிரித்த சிரிப்பில் ஸ்டூலை விட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானமே அந்தக் குடோனுக்குப் போனேன். சித்தப்பா துணி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்ததும் கையைக் கழுவாமலே எழுந்து நின்றான். அறுபது வயசில் தம்பியிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. ரப்பரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்து, தப்பு என்மேலதான்டா, வண்டியைக் கெடுத்தது நான்தான் என்று மட்டும் சொன்னேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அன்னிக்கு அதத்தாண்ணா சொல்ல வந்தேன். மூடியத் தொறந்தா காத்து இழுக்குது, உள்ள என்னவோ அடைச்சிருக்கு, பாருங்கன்னு சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க பேச விடல"ன்னான். அதில் கோபம் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னான், அதுதான் என்னைக் கொன்றது. ஒரு நிமிஷம் நான் வாயை மூடியிருந்தால் மூன்று வாரம் அவன் ஊரார் மூட்டையை எண்ணியிருக்க மாட்டான். அவன் முன்னால் அழுதுவிட்டேன் மகளே. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவன்தான் எச்சில் கையைத் தூரமாக வைத்துக்கொண்டு, முழங்கையால் என்னைத் தட்டிக்கொடுத்து, சாப்ட்டீங்களாண்ணா என்று கேட்டான். மறுநாள் காலையில் வந்து மேஜைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டான், மடிக்கிற பெண்கள் எல்லோர் முன்னாலும் நான் இதையே திரும்பச் சொன்னேன், அவன்தான் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே ஓடிவிட்டான்.

நீ அந்த சார்ட்டைப் போடச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பம்பை மாற்றியிருப்பேன், பிறகு வண்டியையே மாற்றியிருப்பேன், கடைசி வரைக்கும் என் தம்பியைத் தப்பானவன் என்றே நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன். வண்டி போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளலாம். என் தம்பியை எனக்குத் திருப்பிக் கொடுத்தது நீதான், அதற்குத்தான் இந்த நன்றி. அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன், அவள் அந்த நோட்டை இப்போது ஆஸ்பத்திரி ரெக்கார்டு மாதிரி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள், எதிர்காலத்தில் எனக்கு எதிராகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

சித்தப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான், ஒரு நாள் அவனுக்குப் போன் பண்ணு. குளிருக்குக் காலுறை போட்டுக்கொள், ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்களோடு நூறு வயசு இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம்.

ஒரே ஒரு விஷயம், இதை மறந்துவிடாதே. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பித்தாய். நான் வண்டி ஓடுகிற சந்தோஷத்தில் என் கதையையே பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கு முந்தின மாதமும் ஒரு தடவை அப்படித்தான் ஆரம்பித்தாய் என்று அம்மா சொல்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை நீ பேசு. அது எனக்குப் பிடித்ததோ பிடிக்காததோ, எதுவாக இருந்தாலும், நீ முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

போன் பக்கத்திலேயே இருப்பேன்,
உன் அப்பா.