ஊர்வலத்தின் நடுவில் நடந்தவளுக்கு

அம்மா,

வீடு முழுக்கப் பச்சை ஓலை வாசனை. காலையில் கொண்டுவந்த குருத்தோலை ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பேச முடியாத நாளில்தானா உன்னிடம் சொல்ல இத்தனை விஷயம் சேரவேண்டும்? அதனால் எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. பாட்டு உடையவில்லை, அம்மா! கேம்ப் ரோடு சிக்னலில்கூட உடையவில்லை!

குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டுமா என்ன. முன்னால் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ. அதன் பின்னால் ஆயர், பாடகர் குழு, ஓலையால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் பிள்ளைகள், பெண்கள், கடைசியில் மூட்டுவலிக்காரர்கள். ஒரு தெரு திரும்பினால் போதும், ஸ்பீக்கர் சத்தம் பின்னால் வருகிறவர்களுக்கு எட்டாது. முன்னால் மூன்றாம் சரணம் போகும், பின்னால் இன்னும் பல்லவியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார்கள். எல்லாச் சபையிலும் இந்தக் கூத்து உண்டு. நம் சபையில் மட்டும் இல்லை, ஏனென்றால் நடுவில் நீ நடந்தாய்.

நடந்தாய் என்பதுகூடச் சரியில்லை. பாதி நேரம் பின்பக்கமாகத்தான் நடப்பாய். இருப்பதிலேயே நீளமான ஓலை உன் கையில் இருக்கும். சரணம் முடிந்ததும் ஓலை மேலே போகும், எல்லாரும் காத்திருப்பார்கள். ஓலை இறங்கினால் அடுத்த அடி. முன்னால் பாடுவதை வாங்கிப் பின்னால் இருப்பவர்களுக்குக் கொடுப்பாய், பின்னால் தொய்ந்தால் முன்னால் போகிறவர்களை அதட்டுவாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்த குரல் அது. மாம்பலத்தில் இருக்கும் சித்தியிடம் பேசினாலும் மதுரைக்குப் பேசுவது போலத்தான் பேசுவாய். வெள்ளைச் சேலையில், வியர்வையும் பவுடரும் வழிய, "ஏ டெய்சி, அவசரமா போய் என்னா பண்ணப் போற? பின்னாடி ஆளுங்க வர்றாங்கல்ல!" என்று நடுரோட்டில் கத்துவாய். பள்ளிக்கூட நாட்களில் நான் முகத்தை ஓலைக்குள் மறைத்துக்கொண்டு வருவேன்.

உன் சத்தம் ஊர்வலத்தோடு நின்றதா? குடும்ப ஜெபத்திலும் அதேதான். என்னிடம் நேராகச் சொல்லமுடியாததை எல்லாம் ஆண்டவரிடம் சொல்லிவிடுவாய், நான் பக்கத்தில் முட்டிபோட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. "ஆண்டவரே, இந்த வீட்ல சிலபேர் பாத்திரத்தை ஊறவெச்சிட்டுப் படுத்துக்கறாங்க, அவங்களையும் ஆசீர்வதியும்." ஆமென் சொல்வதா, சண்டைக்கு வருவதா என்று எனக்குத் தெரியாது. உன் பேத்தி ஜெனிதான் கெட்டிக்காரி. அவள் முறை வந்தபோது, "ஆண்டவரே, பாட்டிக்குச் சர்க்கரை இருக்கு, அல்வா டப்பாவை எங்க வெச்சிருக்காங்கன்னு எங்களுக்குக் காட்டும்" என்றாள். நீ கண்ணைத் திறக்காமலே அவள் தொடையில் கிள்ளினாய். அன்றைக்கு ஜெபம் முடியவே இல்லை, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

போன வருஷம் இதே ஞாயிறு நீ கட்டிலில் இருந்தாய். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஊர்வலம் நம் தெருமுனையைக் கடந்தபோது ஜன்னலைத் திறக்கச் சொன்னாய். கொஞ்ச நேரம் கேட்டாய்.

"ரெண்டு பாட்டு கேக்குதேடி. நடுவுல யாரு?"

"யாருமில்லம்மா."

எழுந்திருக்கப் பார்த்தாய். நான் தோளைப் பிடித்து அழுத்திப் படுக்கவைத்தேன். அன்றைக்குச் சிக்னலில் ஊர்வலம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. முன்பாதி சபைக்குத் திரும்பி, பின்பாதி இல்லாததைக் கவனிக்காமல் ஆராதனையை ஆரம்பித்தேவிட்டது. பின்பாதி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னபோது நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இந்த வருஷம் சபைக் கமிட்டியில் பேச்சு எழுந்தது. டிராஃபிக், வெயில், வயசானவர்கள், பேசாமல் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றினால் என்ன என்றார்கள். நான் எழுந்து நின்றேன். உன் மகள் வேறு எப்படி நிற்பாள், கையை ஆட்டிக்கொண்டுதான்.

"நான் நடுவுல நடக்கறேண்ணா. பாட்டு உடையாம கொண்டுவந்து சேக்கறேன்."

செயலர் தேவராஜ் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. ஆனா இந்தவாட்டியும் ரெண்டா உடைஞ்சா, அடுத்த வருஷத்துல இருந்து ரோடு கிடையாது. காம்பவுண்டுதான்."

காம்பவுண்டுக்குள் சுற்றுவதற்கு நடுவில் ஆள் எதற்கு? உன் இடமே இல்லாமல் போய்விடும். ஒரு வாரமாக எனக்கு அந்தப் பயம்தான். ஜெனி வேறு, "அம்மா, கத்திகித்தி மானத்தை வாங்காத. என் காலேஜ் பசங்க அந்த ரோட்லதான் டீ குடிப்பாங்க" என்றாள். ஆனாலும் தண்ணீர் பாட்டிலோடு கூடவே வந்தாள்.

முதல் இரண்டு தெரு நன்றாகப் போனது. பின்பக்கமாக நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீ சொல்லவே இல்லையே! ஒரு பைக்கில் இடித்துக்கொண்டேன், ஒரு மாட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் சிக்னல். முன்பாதி தாண்டிவிட்டது. நான் பின்பாதியை இழுத்துக்கொண்டு வரும்போது பக்கத்து ரோட்டிலிருந்து ஒரு தண்ணீர் லாரி நேராக எங்கள் நடுவில் நுழைந்து நின்றது. முன்னால் பாதிச் சபை, பின்னால் பாதிச் சபை. லாரி முன்னேயும் போகமுடியாது, பின்னேயும் போகமுடியாது.

லாரிக்கு அந்தப் பக்கம் பாட்டு விலகிப்போவது கேட்டது. என் ஓலை யாருக்குத் தெரியும், லாரிதான் தெரியும். கத்தினேன். குரல் உடைந்தது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

ஜெனி பாட்டிலை என் கையில் திணித்தாள். ஒரு பிள்ளையிடமிருந்து ஓலையைப் பிடுங்கிக்கொண்டு லாரியைச் சுற்றி ஓடினாள். அடுத்த நிமிஷம் ரோட்டு நடுவில் இருக்கும் மீடியன் சுவர்மேல் ஏறி நிற்கிறாள்! டீக்கடையில் அவள் காலேஜ் பசங்க நின்றார்களோ என்னவோ, அவள் பார்க்கவில்லை. அங்கிருந்து முன்பாதிக்கும் அவள் தெரிந்தாள், எனக்கும் தெரிந்தாள். ஓலையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். முன்னால் பாட்டு நின்றது, பின்னால் நின்றது. இருவரும் ஒன்றாக இறக்கினோம்.

"ஓசன்னா!"

ஒரே சத்தம், அம்மா. லாரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சத்தம்!

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "யக்கா, நான் இப்போ இன்னா பண்ணட்டும்? பேஜாரா கீதே!"

"எங்ககூடவே வாங்கண்ணா, மெதுவா!"

"சரி, நான் ஹாரன் அடிக்கல. நீ பாட்டை நிறுத்தாத."

வந்தார். எங்கள் நடைக்குத் தக்கபடி ஊர்ந்து, தண்ணீரைச் சிந்திக்கொண்டே, சபை கேட் வரைக்கும் ஊர்வலத்தின் நடுவில் ஒரு தண்ணீர் லாரி. பிள்ளைகள் சிந்தும் தண்ணீரில் குதித்துக்கொண்டு வந்தார்கள். யாரோ வைப்பரில் ஓலையைச் செருகிவிட்டார்கள். லாரியின் ஒரு பக்கம் ஜெனி, மறுபக்கம் நான்.

கேட்டில் தேவராஜ் அண்ணன் நின்றிருந்தார். லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதை மினிட்ஸ்ல எப்படிம்மா எழுதறது?" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "பாட்டு ஒண்ணாத்தான் வந்துச்சு. அடுத்த வருஷமும் ரோடுதான்."

ஆராதனையில் என்னால் ஒரு வரிகூடப் பாடமுடியவில்லை. குரல் போனது ஒரு காரணம். அழுதேன், அதுவும் காரணம். உன் இடத்தைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம் ஒருபக்கம், அதைச் சொல்ல நீ இல்லையே என்ற ஆற்றாமை ஒருபக்கம். இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முன்னால் போகிறவர்களுக்கு முன்பாட்டுதான் கேட்கும், பின்னால் வருகிறவர்களுக்குப் பின்பாட்டுதான் கேட்கும். நடுவில் நிற்பவளுக்கு மட்டும்தான் முழுப்பாட்டும் இரண்டு காதிலும் வந்து விழுகிறது. ஒவ்வொரு வருஷமும் நீ முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வருவாயே, காலை நீட்டி உட்கார்ந்து பேசாமல் இருப்பாயே, எதற்கென்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சத்தம் இப்போதும் என் இரண்டு காதிலும் இருக்கிறது.

மத்தியானம் ஜெனி மிளகுப்பால் கொண்டுவந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள்: "அம்மா, அடுத்த வருஷம் நடு எனக்கு. நீ பின்னாடி மூட்டுவலி ஆளுங்களோட வா."

"போடி, தரமாட்டேன்" என்றேன். காற்றுதான் வந்தது, ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.

பின்னே? நீ இருந்தவரை யாருக்காவது தந்தாயா?