மார்க் போடாத கட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டுப் போனில் கத்தினீர்களே, "என்னம்மா இது, பறக்குற பரிட்சைக்கு நேரா மார்க்கே இல்ல?" என்று. பதறாதீர்கள், நான் ஃபெயில் ஆகவில்லை.

எங்கள் பைலட் கல்லூரியின் கணக்கே வேறு. எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் எண்பது வேண்டும். ஒன்றில் தொண்ணூறு எடுத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. வானிலையில் எனக்கு எண்பத்தொன்று, நூலிழையில் தப்பித்தேன். பறக்கும் தேர்வில் 'பி' கிரேடுக்குக் கீழே போனால் முழுப் பயிற்சியும் மறுபடி முதலிலிருந்து.

பறக்கும் தேர்வன்று பாதி வழியில் மேகம் கீழே இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த தேர்வு அதிகாரி முடிவை என்னிடமே விட்டுவிட்டார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மனசு முரண்டு பிடித்தது. ஆனாலும், "திரும்பிடலாம் சார்" என்றேன்.

இறங்கியதும் அவர், "இதுக்கெல்லாம் மார்க் குறைக்க மாட்டோம்மா. மிச்சத்தை வேற நாள் முடிச்சிடு" என்று சொல்லி, மார்க் போடும் கட்டத்தில் 'இன்னும் முடியவில்லை' என்று எழுதினார். அவ்வளவுதான். அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

பஸ் ஓட்டிய முப்பது வருடத்தில் நீங்களாக ஒரு ட்ரிப்பைக்கூடப் பாதியில் விட்டதில்லை என்பீர்கள். உங்கள் டிப்போ நோட்டிலும் இப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால், விபத்தில் கால் முறிந்த அந்த மூடுபனிக் காலையில் நீங்களும் வண்டியை ஓரங்கட்டியிருப்பீர்கள், அப்பா.

வியாழக்கிழமை மீதியைப் பறந்து முடித்ததும் போன் செய்கிறேன். கம்பி வைத்த காலோடு ஓடி வராதீர்கள். நீங்கள் மெதுவாக வந்து எடுக்கும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் மகள்