ரேடியோவில் வராத பெயர்

வெர்னன், இண்டியானா
மார்ச் 9, 1953

அன்பு மகன் மெர்லுக்கு அம்மா எழுதுவது. நீயாவது சுகமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன், இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள். அப்பா போய்விட்டார் மெர்ல். போன செவ்வாய்க்கிழமை, நெஞ்சுவலி. வியாழக்கிழமை அடக்கம் செய்துவிட்டோம்.

ஏன் தந்தி கொடுக்கவில்லை என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை வலி வந்ததுமே ரயில் நிலையத்துக்குப் போய் உனக்குத் தந்தி கொடுக்கக் கிளம்பினேன், அவர்தான் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நாடு முழுக்கக் கூடைப்பந்துக்குப் பத்தே பெரிய டீம், டீமுக்குப் பத்தே பேர். தன் தாயாரின் அடக்கத்துக்கு வந்துபோன, உன் டீமில் இருந்த டெல்பர்ட் திரும்பிப் போய்ப் பார்த்தால் அவன் பனியனை வேறொருவன் போட்டிருந்தானே, அதையே சொன்னார். "சின்னப் பசங்க குதிச்சு ஒத்தக் கையால போடுறானுங்க, நம்ம பையன் இன்னும் ரெண்டு கையால நின்னு குறி பாக்குறான். இப்ப ஒரு ஆட்டம் விட்டான்னா அவ்வளவுதான். சீசன் முடியிற வரைக்கும் வாயத் திறக்காத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் செய்து தொலைத்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் டீம் ஃபோர்ட் வேய்னில் ஆடியது. நாலு மணி நேரப் பயணம்தான், போய்க் கூட்டி வருகிறேன் என்றதற்கும் திட்டுதான். ரேடியோவைக் கட்டிலருகே இழுத்து வைக்கச் சொன்னார். களஞ்சியச் சுவரில் உனக்கு வளையம் அடித்தது, உன் பள்ளிக்கூட ஆட்டத்துக்கு ஊரே கடையடைத்துப் போனது, முதல் சீசனிலேயே உன் மூக்கு உடைந்தது, கோடை முழுக்கத் தக்காளி டப்பா ஆலையில் மூட்டை தூக்கிவிட்டு இருட்டும்வரை நீ பந்து போட்டது, எல்லாம் சொல்லிக்கொண்டே கேட்டார். யார் யார் பெயரோ வந்தது, உன் பெயர் வரவே இல்லை. பாதி ஆட்டமும் முடிந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவரோ, "கோச் விவரமானவன் லொரீனா, நம்ம பையனக் கடைசிக்கு வச்சிருக்கான் பாரு" என்றார். ஆட்டம் முடிவதற்குள் போய்விட்டார்.

கல்லறையில் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். ஆட்டம் இருக்கிறது என்றேன், சரிதான் என்று தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பே டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஊருக்கு வர வெட்கமாக இருக்கிறது, இங்கேயே ஒரு கிடங்கில் பெட்டி இறக்குகிறேன் என்று எழுதியிருந்தாய். நான் தந்தி கொடுத்திருந்தால் திங்கட்கிழமையே வந்து அவர் கையைப் பிடித்திருப்பாய். யார்மேல் கோபப்படுவது, அவர்மேலும் கோபம், உன்மேலும் கோபம், என்னை நான் மன்னிக்கவே போவதில்லை.

வெட்கப்பட இனி ஒன்றுமில்லை, கிளம்பி வா. இங்கே இன்னும் பனி, கனமான கோட்டைப் போட்டுக்கொள். ஆண்டவர் உனக்குத் துணையாகக் கூடவே வரட்டும். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா" என்று எழுதியிருக்கிறாய். சொல்லவில்லை, மகனே.

உன் அம்மா,
லொரீனா